தராசு முள்ளும் ஓட்டத் திடலும்

(தோட்டக் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிளைக் கூட்டம் என்றால் சம்பளம், சந்தா, குடியிருப்பு, தண்ணீர்க் குழாய் என்று பேசுவதே வழக்கம். இன்று ஓட்டப் பந்தயத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்ததும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர், "சங்க மேடையில் விளையாட்டுப் பேச்சு எதற்கு?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டது நம் காதிலும் விழுந்தது. நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டோம்.

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 13 முதல் 21 வரை ஜப்பானின் தோக்கியோ நகரில் உலகத் திடல்தட வெற்றியாளர் போட்டி நடந்தது. அந்த ஒன்பது நாளும் பொது மண்டபத்துத் தொலைக்காட்சியின் முன் எத்தனை பேர் கூடினோம் என்பதை நாம் அறிவோம். மறுநாள் விடியுமுன் எழுந்து உளியைத் தீட்ட வேண்டியவர்கள்கூட இரவு வெகுநேரம் விழித்திருந்தோம். ஜப்பான் நேரம் நமக்கு ஒரு மணி முந்தியது என்பதால் அதுவே நமக்குச் சற்று வசதியாகப் போயிற்று. வீட்டுக்குப் போகச் சொல்லி அழைக்க வந்த தாய்மார்களும், வாசலில் நின்று எட்டிப் பார்த்து, பிறகு உள்ளே வந்து, கடைசியில் நமக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டதை மறுக்க முடியுமா?

அப்படி என்ன கண்டோம்? நம் நாட்டவர் எவரும் பதக்கம் வாங்குவதைக் காணவில்லை. சுவீடன் நாட்டு இளைஞர் அர்மாண்ட் டுப்லாண்டிஸ், ஒரு கோலை ஊன்றி 6.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினார். மற்றவர் எல்லாரும் போட்டியிலிருந்து விலகிவிட்டார்கள். தங்கம் அவருக்கு என்பது உறுதியாகிவிட்டது. இருந்தும் உலகச் சாதனைக்காகக் குறுக்குக் கம்பியை உயர்த்தச் சொன்னார். முதல் முயற்சி தவறியது. இரண்டாவதும் தவறியது. மூன்றாவது முயற்சியில், கம்பி ஆடியும் விழாமல் நின்றது. அப்போது அந்தத் திடலில் இருந்த ஜப்பானியர்கள் எழுந்து குதித்தார்கள். இங்கே நாமும் எழுந்து குதித்தோம். அவர் ஜப்பானியரும் அல்லர், மலேசியரும் அல்லர். பிறகு ஏன் குதித்தோம்?

இங்கேதான், தோழர்களே, இந்த விளையாட்டின் ரசிகனுக்கும் மற்ற விளையாட்டுகளின் ரசிகனுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. காற்பந்தில் நம் கட்சி, எதிர்க்கட்சி என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறோம். எதிரிக்குப் பந்து வலைக்குள் போனால் நம் வாய் மூடிக்கொள்கிறது. ஓட்டத் திடலில் அப்படியன்று. நீளம் தாண்டப் போகிறவர் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டி, கூட்டத்தைக் கைதட்டச் சொல்லிக் கேட்கிறார். கூட்டமும் அவர் எந்த நாட்டவர் என்று பார்க்காமல் தாளம் போட்டு, அவர் காலடி விரைய விரையத் தாளத்தையும் விரைவாக்கிக் கொடுக்கிறது. 1981-இல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில், வில்லி பாங்க்ஸ் என்ற அமெரிக்க மும்முறைத் தாண்டல் வீரரால் பரவிய பழக்கம் இது. இங்கே உண்மையான எதிராளி ஒன்றே ஒன்றுதான். அது அளவு. எத்தனை மீட்டர்? எத்தனை விநாடி? அந்த அளவை மனிதன் வெல்கிறானா என்று பார்க்கத்தான் நாம் கூடினோம்.

அளவு என்ற சொல்லைக் கேட்டதும் பால் வெட்டும் நம் மக்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்திருக்கும். அதற்கும் வருகிறோம். முதலில் திடலையே பார்ப்போம்.

அதே தோக்கியோவில், செப்டம்பர் 15-ஆம் நாள் காலையில் ஆண்களுக்கான மரத்தான் ஓட்டம் நடந்தது. 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும் ஓட வேண்டும். தான்சானியா நாட்டு அல்போன்ஸ் சிம்புவும் ஜெர்மனி நாட்டு அமானால் பெட்ரோசும் திடலுக்குள் நுழைந்து, கடைசிக் கோட்டில் ஒன்றாக வந்து பாய்ந்தார்கள். பெட்ரோஸ் தரையில் விழுந்தார். இருவருக்கும் கடிகாரம் காட்டிய நேரம் ஒன்றே: 2 மணி 9 நிமிடம் 48 விநாடி. யார் வென்றவர் என்பது சிம்புவுக்கே தெரியவில்லை. பெரிய திரையில் பெயர் வந்த பிறகுதான் அறிந்தார். இருவருக்கும் இடையே இருந்தது ஒரு விநாடியின் நூறு பங்கில் மூன்று பங்கு. கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. உலகத் திடல்தடப் போட்டியில் தான்சானியா பெற்ற முதல் தங்கம் அது.

அதைக் கண்டுபிடித்தது எது? கோட்டுக்கு நேரே வைத்திருக்கும் ஒரு படக்கருவி. அது திடல் முழுவதையும் பார்ப்பதில்லை. அந்தக் கோட்டை மட்டுமே, விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை பார்த்துக்கொண்டிருக்கிறது. ஓடி வந்தவரின் தலை முந்தினால் செல்லாது. கை முந்தினாலும் கால் முந்தினாலும் செல்லாது. உடம்பின் நடுப்பகுதி எப்போது கோட்டைத் தொட்டது என்பதே கணக்கு. எவருடைய புகழுக்கும் அந்தக் கருவி தலை வணங்குவதில்லை.

இந்தக் கதை நமக்குப் புதிதன்று. 1964-ஆம் ஆண்டு இதே தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில், மலேசியாவின் 4×100 மீட்டர் தொடர் ஓட்டக் குழுவில் மணி ஜெகதீசனும் கனகசபை குணாளனும் ஒன்றாக ஓடினார்கள். அப்போது சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்திருந்த காலம். 1965-இல் சிங்கப்பூர் பிரிந்து தனி நாடாயிற்று. 1966 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில், அதே இருவரும் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் எதிரெதிராக நின்றார்கள். ஒருவர் மலேசியாவுக்கு, மற்றவர் சிங்கப்பூருக்கு. இருவருக்கும் நேரம் 10.5 விநாடி. படத்தைப் பார்த்துத்தான் ஜெகதீசனுக்குத் தங்கம், குணாளனுக்கு வெள்ளி என்று முடிவு சொன்னார்கள். அந்த விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் என்று மூன்று தங்கம் பெற்றார் ஜெகதீசன். பெண்களுக்கான 400 மீட்டரில் எம். ராஜாமணி தங்கம் வென்றார். நம் இனத்துப் பெண் ஒருத்தி ஆசியாவையே முந்தி ஓடினாள் என்று, வானொலியில் கேட்ட நம் பாட்டிமார்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி, அவர்கள் நமக்குச் சொன்னார்கள். 10.5-க்கும் 10.5-க்கும் நடுவில் ஒரு கோடு கிழித்த அந்தப் படத்தைச் சிங்கப்பூரும் ஏற்றுக்கொண்டது, நாமும் ஏற்றுக்கொண்டோம். ஏன்? அளந்த முறை இருவருக்கும் ஒன்றாக இருந்ததால்.

இன்னொன்றையும் கேளுங்கள். 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30, மறுபடியும் தோக்கியோ. உலக வெற்றியாளர் போட்டியில் நீளத் தாண்டல் இறுதிச் சுற்று. பத்தாண்டுகளாக இந்தத் தாண்டலில் தோல்வியே காணாத கார்ல் லூயிஸ், 8.91 மீட்டர் தாண்டினார். 1968-இல் பாப் பீமன் செய்த 8.90 மீட்டர் சாதனையைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதல். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆனால் திடலோரம் நிற்கும் காற்றளவுக் கருவி 2.9 என்று காட்டியது. முதுகுப் பக்கம் இருந்து வீசும் காற்று விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் இருந்தால், அந்தத் தாண்டல் போட்டிக் கணக்கில் சேரும், சாதனை ஏட்டில் சேராது. அடுத்து வந்தார் மைக் பாவெல். தாண்டியது 8.95 மீட்டர். காற்று 0.3 மட்டுமே. தங்கமும் அவருக்கு, உலகச் சாதனையும் அவருக்கு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த அளவைத் தாண்ட இன்னும் ஒருவர் பிறக்கவில்லை.

எத்தனை நேர்த்தி பாருங்கள்! உழைப்பு எவ்வளவு, காற்றின் உதவி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிறார்கள். மழையில் நனைந்த மரத்தில் பால் குறைந்தால் அது வெட்டியவன் சோம்பலா, வானத்தின் குற்றமா என்று பிரித்துப் பார்க்கச் சொல்லி நம் முன்னோர் எத்தனை காலம் வாதாடினார்கள் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால், தோழர்களே, அளவுகோல் இருந்துவிட்டால் மட்டும் நீதி வந்துவிடுமா? வராது. அளவுகோலைப் பிடிக்கும் கை நேர்மையாக இருக்க வேண்டும். 1987-ஆம் ஆண்டு இத்தாலியின் ரோமாபுரியில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நீளத் தாண்டலில் இத்தாலி வீரர் ஜியோவான்னி எவாஞ்சலிஸ்தி கடைசித் தடவை தாண்டினார். பலகையில் 8.38 மீட்டர் என்று எழுதிக் காட்டினார்கள். வெண்கலப் பதக்கம் அவருக்குப் போயிற்று. உள்ளூர்க் கூட்டம் மகிழ்ந்தது. ஆனால் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தவர்களுக்குக் கணக்கு ஒட்டவில்லை. மணலில் கால் பதிந்த இடம் ஒன்று, பலகையில் எழுதிய எண் வேறொன்று. இத்தாலிப் பயிற்சியாளர் சாந்த்ரோ தொனாத்தி, தன் நாட்டுக்குக் கிடைத்த பதக்கமாயிற்றே என்று வாய்மூடி இருக்கவில்லை. பொய்யை வெளியே கொண்டுவரப் பாடுபட்டார். விசாரணை நடந்தது. அந்த அளவு பொய் என்று முடிவாயிற்று. பதக்கம் 8.33 மீட்டர் தாண்டிய அமெரிக்க வீரர் லாரி மைரிக்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. தாண்டியவர் மீது குற்றமில்லை. அளந்தவர்கள் மீதுதான் குற்றம்.

அதே ரோமாபுரிப் போட்டியில் கனடாவின் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.83 விநாடியில் ஓடினார். கடிகாரம் பொய் சொல்லவில்லை. ஓடிய உடம்புதான் பொய் சொன்னது. ஊக்கமருந்து உட்கொண்டதை அவரே பின்னர் விசாரணையில் ஒப்புக்கொண்டபின், 1989-இல் அந்தச் சாதனையும் நீக்கப்பட்டது. ஆகவே ஒரே போட்டியில் இரு பாடங்கள். அளவுகோல் பொய்க்கலாம், அளக்கப்படும் பொருளும் பொய்க்கலாம். இரண்டையும் பார்க்கும் கண் வேண்டும்.

இனி நம் பால் ஸ்டோருக்கு வருவோம்.

விடியுமுன் எழுந்து, நிரை நிரையாக நடந்து, நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளி சுமந்து ஸ்டோருக்கு வருகிறோம். அங்கே ஒரு தராசு. பாலில் மிதக்கவிட்டு ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கும் ஒரு மெட்ரோலாக். ஒரு பேரேடு. இந்த மூன்றும் சேர்ந்து சொல்லும் எண்தான் நம் வீட்டு அடுப்பில் எரிகிறது. தராசு முள் ஒரு கோடு இந்தப் பக்கம் சாய்ந்தால் அது பிள்ளைகளின் பள்ளிக்கூடக் காசு. வள்ளுவர் நடுநிலைமைக்கு உவமை தேடியபோது தராசுக் கோலைத்தான் எடுத்தார். அவர் காலத்து உழைப்பாளியும் அதன் முன் நின்று முள்ளைப் பார்த்திருப்பான் என்றே எண்ணுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கே சில வாரங்களாக எல்லாருக்கும் நிறை குறைந்து வந்தது. வெட்டுகிறவர்கள் கிராணியை ஐயுற்றார்கள். கிராணியோ, "நான் முள் காட்டுவதைத்தானே எழுதுகிறேன்" என்று வருந்தினார். ஸ்டோர் வாசலில் பேச்சு தடித்தது. அப்போது ஒரு பெண், பால் வெட்டும் பெண்தான், ஒரு காரியம் செய்தாள். வெறும் வாளியைக் கழுவித் துடைத்துத் தராசில் வைத்தாள். "அண்ணே, வாளிக்கு எவ்வளவு கழிக்கிறீங்க? இப்ப முள் எவ்வளவு காட்டுதுன்னு பாருங்க" என்றாள். கிராணி பார்த்தார். கழிக்கிற நிறைக்கும் முள் காட்டிய நிறைக்கும் ஒத்துவரவில்லை. தராசு கெட்டிருந்தது. அந்தக் கிராணி என்ன செய்தார் தெரியுமா? பேனாவை மூடி வைத்தார். "இந்தத் தராசில் இனி நான் நிறை எழுதமாட்டேன்" என்று சொல்லி, தானே நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார். தராசு மாறியது. சங்கம் கேட்டு, குறைந்த வாரங்களின் கணக்கும் சரிசெய்யப்பட்டது.

அந்தப் பெண் செய்ததும், இத்தாலியில் படத்தை ஓட்டிப் பார்த்தவர்கள் செய்ததும் ஒன்றேயல்லவா? அந்தக் கிராணி செய்ததும், அந்தப் பயிற்சியாளர் செய்ததும் ஒன்றேயல்லவா? வெட்டுகிறவனும் எழுதுகிறவனும் ஒருவரை ஒருவர் ஐயுற்று நின்றிருந்தால் அந்தத் தராசு இன்னும் பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

அளவில் ஐயம் வந்தால் கேட்பதற்கு ஓட்டத் திடலில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முடிவு அறிவித்த 30 நிமிடத்துக்குள் ஓடியவரோ அவர் சார்பில் ஒருவரோ நடுவரிடம் வாயால் முறையிடலாம். நடுவர் தீர்ப்புச் சரியில்லை என்று தோன்றினால், எழுத்தில் கொடுத்து, 100 டாலர் வைப்புத்தொகை கட்டி மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். முறையீடு வென்றால் பணம் திரும்பிவிடும். நம் சங்கத்தின் புகார் முறையைப் போலவே இருக்கிறதல்லவா? முதலில் வாய்மொழி, பிறகு எழுத்து, பிறகு மேலிடம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு. கோபம் எவ்வளவு இருந்தாலும் கெடு தாண்டினால் வழக்குப் போயிற்று. இதைப் பலர் இழந்த பிறகுதான் அறிகிறோம்.

இப்போது நம் மனத்தைச் சுடும் ஒரு செய்தியைத் தொட வேண்டியிருக்கிறது. அதைத் தொடாமல் விட்டால் இந்தப் பேச்சு வெறும் புகழ்ச்சியாகவே முடிந்துவிடும்.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31. நம் நாட்டின் சுதந்திர நாள். தோக்கியோவில் மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக். நோய்க் காலமாகையால் அந்தப் பெரிய திடலில் பார்வையாளர் எவரும் இல்லை. இருக்கைகள் எல்லாம் வெறுமை. நம் நாட்டு வீரர் முகம்மது சியாட் சோல்கிப்ளி, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான பிரிவில் குண்டு எறிந்தார். 2016-இல் ரியோவில் தங்கம் வென்றவர் அவர். அன்று அவர் எறிந்தது 17.94 மீட்டர். அதுவரை இருந்த உலகச் சாதனைக்கு மேல். நாம் எல்லாரும் ஆரவாரம் செய்தோம். சுதந்திர நாளில் தங்கம் என்று இனிப்பு வழங்கினோம்.

சிறிது நேரத்தில் செய்தி வந்தது. போட்டிக்கு முன் வீரர்கள் கூடவேண்டிய அழைப்பு அறைக்கு அவர் மூன்று நிமிடம் தாமதமாக வந்தாராம். அவரோடு ஆஸ்திரேலியர் ஒருவரும் ஈக்குவடோர் நாட்டவர் ஒருவரும் தாமதம். முறையீட்டுக்கு உட்பட்டு எறியலாம் என்று மூவரையும் விட்டிருக்கிறார்கள். போட்டி முடிந்தபின் உக்ரேன் நாடு முறையிட்டது. தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லை என்று நடுவர் தீர்ப்பளித்தார். மலேசியாவின் மேல்முறையீடும் தள்ளப்பட்டது. மூவரும் போட்டியில் கலந்துகொள்ளாதவர்களாகவே கணக்கிடப்பட்டார்கள். 17.34 மீட்டர் எறிந்த உக்ரேன் வீரர் மாக்சிம் கோவலுக்குத் தங்கம் போயிற்று.

பெரட்டுக்கு மூன்று நிமிடம் பிந்திப் போனால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெயர் கூப்பிட்டு முடிந்தபின் வந்தவனின் நிரை வேறொருவருக்குப் போய்விடுகிறது. காய்ச்சலில் கிடந்த குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடி வந்த தாய், கையில் உளியோடு பெரட்டுக் களத்தில் நின்று திரும்பிப் போனதை நாம் கண்டிருக்கிறோம். அதனால்தான் அன்று நம் நெஞ்சு அப்படிக் கொதித்தது. அந்தக் கொதிப்பில் தவறில்லை.

ஆனால் அடுத்து நாம் செய்தது என்ன? நம் நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு, அந்த உக்ரேன் வீரரையும் அவர் நாட்டவரையும் தேடிப் பிடித்து வசைமாரி பொழிந்தார்கள். சொல்லக் கூசும் சொற்கள். அவரும் குறைபாட்டோடு பிறந்து, அதை மீறி உழைத்து வந்த ஒருவர் என்பதை மறந்தோம். நம் தோட்டத்து இளைஞர்கள் சிலரும் எழுதினார்கள். எழுதாதவர்களாகிய நாமும் படித்துச் சிரித்தோம். இதை மேடையில் ஒப்புக்கொள்வதில் வெட்கம் இருக்கிறது. ஒப்புக்கொள்ளாமல் இருப்பதில் அதைவிட வெட்கம் இருக்கிறது.

சிந்தித்துப் பாருங்கள். பெரட்டில் ஒருவனுக்கு வேலை மறுத்தால், அன்று அந்த நிரையை வெட்டிய பக்கத்து வீட்டுக்காரனையா சங்கம் எதிர்க்கிறது? பெயர் கூப்பிட்ட கிராணியின் வீட்டில் கல்லெறியவா சொல்கிறது? இல்லை. அழைப்பு எந்த மொழியில் கொடுத்தாய், கேட்கும்படி கொடுத்தாயா, குறைபாடு உள்ளவருக்கு உதவியாள் இருந்தாரா, பிந்தி வந்த எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தினாயா, அந்த விதியை எழுதும்போது எங்களைக் கேட்டாயா என்றுதான் சங்கம் கேட்கும். கேட்க வேண்டியவை அந்தக் கேள்விகள். வசைபாடிய கூச்சலில் அந்தக் கேள்விகள் ஒருவர் காதிலும் விழாமல் போயின. நம் வீரரின் நியாயத்தை நாமே அமுக்கிவிட்டோம்.

மாறாக ஒன்றைப் பாருங்கள். 2022-இல் அமெரிக்காவின் யூஜின் நகரில் உலக வெற்றியாளர் போட்டி. 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியில், அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படித்த டெவன் ஆலன் கோட்டில் நின்றார். அவர் தந்தை இறந்து சில வாரமே ஆகியிருந்தது. துப்பாக்கி ஒலித்தபின் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் கால் உந்தினால், ஒலியைக் கேட்குமுன்பே கிளம்பிவிட்டார் என்பது விதி. கருவி காட்டியது 0.099. விதியின் எல்லை 0.100. ஆயிரத்தில் ஒரு பங்குக்காக அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஊரே கூச்சலிட்டு எதிர்ப்பைக் காட்டியது. ஆனால் அந்தக் கூச்சல் விதியின் மீது. ஓடி வென்ற கிராண்ட் ஹாலோவேயை எவரும் தூற்றவில்லை. மனித உடம்புக்கு அந்த எல்லை பொருந்துமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. அதுதான் கேட்கத் தெரிந்த கூட்டம்.

ஆகவே, முன்வரிசைப் பெரியவரே, உங்கள் கேள்விக்கு இப்போது விடை சொல்கிறோம். சங்க மேடையில் விளையாட்டுப் பேச்சு எதற்கு என்றால், நல்ல ரசிகனுக்கு வேண்டிய குணமும் நல்ல சங்க உறுப்பினனுக்கு வேண்டிய குணமும் ஒன்றாக இருப்பதால். எண்ணைக் கேட்டதும் நம்பாமல், அது எப்படி அளக்கப்பட்டது என்று பார்ப்பது முதல் குணம். அளந்த முறை நேராக இருந்தால், தோற்றது நம்மவர் ஆனாலும் ஏற்றுக்கொண்டு வென்றவருக்குக் கைதட்டுவது இரண்டாவது. நேராக இல்லை என்றால், கெடுவுக்குள், எழுத்தில், உரிய இடத்தில் கேட்பதும், பக்கத்து ஓட்டக்காரனைப் பகைவனாக்காமல் இருப்பதும் மூன்றாவது. இந்த மூன்றும் பழக்கத்தால் வருபவை. பழகிக்கொள்ள ஓட்டத் திடலைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஏனெனில் அங்கே எல்லா எண்ணும் எல்லார் கண் முன்னும் பலகையில் தெரிகிறது. நம் நிறையும் அப்படித் தெரிய வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இதோ ஒரு சிறு வேண்டுகோள். வரும் தோட்ட விளையாட்டு விழாவில் பிள்ளைகளின் ஓட்டத்துக்கு ஒரு நாடா, இரண்டு கடிகாரம், ஒரு பேரேடு இருக்கட்டும். கடிகாரத்தைப் பால் வெட்டுகிறவர் ஒருவரும் கிராணி ஒருவரும் சேர்ந்து பிடிக்கட்டும். முதலில் வந்த பிள்ளையின் நேரத்தை எழுதுவதுபோலவே கடைசியில் வந்த பிள்ளையின் நேரத்தையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை தன் பழைய எண்ணைத் தானே வெல்லட்டும். யாருக்காவது ஐயம் வந்தால் பெயர் சொல்லி எழுந்து கேட்கட்டும். கேட்டவனை யாரும் அதட்டி உட்கார வைக்கலாகாது.

கடைசியாக ஒரு செய்தி. 2021-இல் வெறுமையாகக் கிடந்த அந்தத் தோக்கியோ திடலில், 2025-இல் ஒன்பது நாளில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து அமர்ந்தார்கள். ஆள் இல்லாத திடலில் எறிந்த 17.94 மீட்டரும் எறிந்ததுதான். ஆனால் பார்க்கவும் கேட்கவும் மக்கள் இருக்கும் இடத்தில்தான் அளவுக்கு மதிப்பு வருகிறது. நாளை விடிந்ததும் ஸ்டோருக்குப் போகிறோம். தராசின் முன் ஒரு நிமிடம் நின்று முள்ளைப் பாருங்கள். கிராணியும் பார்க்கட்டும். இருவரும் சேர்ந்து பார்த்த எண்ணைப் பேரேட்டில் எழுதுங்கள்.